பட்டிக்கு அடியில்

குமரி மாவட்டத்துப் பழைய கார்களைக் கடற்காற்று உள்ளிருந்து தின்கிறது. பாடியை மீட்பது எப்படி? சரியான உதிரியை எங்கே தேடுவது? ஒரு வீட்டு அம்பாசடரின் கதை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு அம்பாசடரை வலம் வந்தார் டிங்கர் மேஸ்திரி. பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துணி. பானட்டில் வைத்தார், ‘டக்’கென்று பிடித்தது. முன்கதவின் மேல்பாதியிலும் பிடித்தது. கீழ்ப்பாதிக்கு இறங்கியதும் காந்தம் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார், மறுபடியும் விழுந்தது. கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் இரும்புப் படியில் ஓர் இடத்தில்கூட அது ஒட்டவில்லை.

“பாத்தியளா சார்? மேல பெயிண்டு, கீழ பட்டி. இரும்ப இனிமேத்தான் தேடணும்” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு பட்டறையில் விட்டு, புதுசு போலப் பெயிண்ட் அடித்து வாங்கிய வண்டி அது. மார்க் டூ அம்பாசடர். அப்பா வாங்கியது. அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. பெயிண்ட் அடித்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. முதல் மழைக்காலத்தை அந்தப் பளபளப்பு தாண்டிவிட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் கதவின் அடிப்பக்கம் அம்மைக் கொப்புளம் போலப் பெயிண்ட் எழும்பியது. நகத்தால் கீறினேன். உள்ளே ஈரமான செம்பொடி.

அந்தப் பட்டறைக்காரரை அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது யோசித்தால் பாதிப் பழி என்னுடையது. “நல்லா பளபளன்னு வேணும்” என்று மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். தகடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது.

உப்புச்சாடியும் காரும்

எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். பாடி கெட்டால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினுக்குச் செலவழிக்கிற அக்கறையில் கால்வாசியைக்கூடப் பாடிக்குச் செலவழிப்பதில்லை. ஆனால் எஞ்சினை இறக்கி வேறொன்றை மாற்றிவிடலாம். பாடி போனால் அந்தக் காரே போயிற்று. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, கதவுப்படி, தூண், கூரை எல்லாம் சேர்ந்த தகட்டுக் கூடுதான் வண்டியின் எலும்பு.

குமரிக்கு இரண்டு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் மாதக்கணக்கில் அடிக்கும். நாஞ்சில் நாட்டு வயலுக்கு இரண்டு மழையும் வரம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் அதனால்தான். இரும்புத் தகட்டுக்கோ உலர்ந்து மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவது இதனால்தான். குளச்சலிலும் முட்டத்திலும் மணக்குடியிலும் வாசலில் நிற்கும் காரின் மேல் அலைத்தெறிப்பின் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. மழை பெய்யாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். உப்பு கரைந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும். தகட்டின் ஒரு புள்ளி நேர்முனையாகவும் பக்கத்துப் புள்ளி எதிர்முனையாகவும் மாறி, ஆணித்தலை அகலத்துக்குள் ஒரு குட்டி பேட்டரியே ஓடத் தொடங்கும். அந்த பேட்டரி செலவழிப்பது நம் இரும்பை.

அதிலும் துரு பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போவதில்லை, உள்ளிருந்து வெளியே வருகிறது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டி. டிக்கிக்குள் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பேட்டரி உட்காரும் தட்டு, ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், டிரைவரின் கால் பாய்க்கு அடியில் உள்ள தரை என்று தண்ணீர் தங்கும் இடமெல்லாம் இப்படித்தான். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

இந்தக் கொப்புளத்தைத் தேய்த்துவிட்டுப் பட்டி பூசுவது நோயை மூடிவைப்பதோடு நிற்பதில்லை. பாலியெஸ்டர் பட்டி நுண்துளைகள் கொண்டது. பெயிண்டில் மயிரிழை விரிசல் கண்டாலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டை ஒட்டியே வைத்திருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடுபள்ளத்தைச் சமப்படுத்த வந்த பொருள் அது. ஓட்டையை அடைக்க வந்ததல்ல.

கோழிவலை கிடைத்தது

நாகர்கோவிலுக்கு வெளியே தென்னந்தோப்பு ஓரம் ஓலைக்கூரை போட்ட பட்டறை. வண்டியை விட்ட மறுநாளே வெட்டித் திறந்திருப்பார் என்று நினைத்துப் போனேன். மேஸ்திரி ஒரு டேப்பையும் பழைய நோட்டையும் என்னிடம் நீட்டினார்.

“கதவு இப்ப ஒழுங்கா அடையுதுல்லா? சுத்தி இருக்க இடைவெளிய அளந்து எழுதுங்க. போட்டோவும் எடுத்து வச்சுக்கிடுங்க. பொறவு நமக்குள்ள சண்ட வரப்படாது பாருங்க.”

காரணம் பிறகு விளங்கியது. அம்பாசடரின் கதவுப்படி அலங்காரமல்ல, பாரம் தாங்கும் உறுப்பு. அதை வெட்டினால் வண்டியின் நடுப்பகுதி மயிரளவு தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டு செய்தால் ஆயுசுக்கும் கதவு அடையாது. எனவே வெட்டுவதற்கு முன் முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே குறுக்குக் கம்பி கட்டினார். ஜாக்கியை ஓர் இடத்தில் மட்டும் கொடுக்காமல் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து வண்டியைச் சமமாக உட்கார வைத்தார். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம்.

பட்டியை உளியால் தட்டியபோது அது பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஓர் இடத்தில் கட்டைவிரல் தடிமன். அதற்கும் உள்ளே கோழிக்கூட்டுக்குப் போடுகிற கம்பிவலை. தகடு இல்லாத இடத்தில் வலையை வைத்து, அதன்மேல் பட்டியை அப்பி, தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேஸ்திரி வலையைக் குறட்டால் இழுத்து எடுத்துத் தரையில் போட்டார். எதுவும் சொல்லவில்லை. நானும் குனிந்துகொண்டேன்.

புதுத் தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர் தடிமன், 20 கேஜ். துரு முடிந்த இடத்தில் வெட்டாமல், நல்ல இரும்பு தொடங்கி இரண்டு விரல் தள்ளி வெட்ட வேண்டும். அட்டையில் அச்செடுத்து, தகட்டில் வரைந்து, கத்திரித்து, மடித்து, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி மடித்து… ஒரு முழம் நீளத் துண்டுக்கு ஒரு முழு நாள் போனது. வெல்டிங்கை நெடுக ஒரே இழுப்பில் ஓட்டிவிடக் கூடாது. சூட்டில் தகடு அப்பளம் போல நெளியும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, சூடு ஆறியதும் நடுவில் ஒரு பொட்டு. அதையும் மீறி உப்பிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றினால் தகடு சுருங்கி அடங்கும். பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சுத்தியலால் தட்டும்போது மேஸ்திரி தகட்டைப் பார்ப்பதே இல்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு இடது உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருக்கிறார். பள்ளம் கைக்குத்தான் முதலில் தெரியுமாம்.

இந்தக் கைவேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி, அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் அரசுப் போக்குவரத்தை மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்டர் அதன் பொறுப்பாளர். சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது, எஞ்சின் பெர்கின்ஸ் டீசல். பஸ்ஸின் கூட்டை மட்டும் சால்டரின் மேற்பார்வையில் துறையின் சொந்தத் தொழிலாளர்களே கட்டினார்கள். திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி தடத்தில் ஓடியவை அப்படி உள்ளூர்க் கைகள் கட்டிய கூடுகள்தான்.

வெல்டிங் முடிந்ததும் பெயிண்டுக்குப் பறந்தேன். “மாசி பிறக்கட்டும்” என்றார் மேஸ்திரி. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் என்.சி. பெயிண்ட் அடித்தால், காயும்போது ஈரம் மேலே படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதுவரை வெறும் தகட்டை ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது. துருநீக்கி தேய்த்த அன்றே எப்பாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். கதவுப்படியின் உட்பக்கத்துக்குப் பிரைமர் எட்டாது. அங்கே குழாய் விட்டு மெழுகு கலந்த துருத்தடுப்பானைப் பீய்ச்ச வேண்டும். மணல் பீய்ச்சித் துரு எடுப்பவர்கள் பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடல்மணலைத் தொடவே கூடாது. எடுக்க வந்த உப்பை நாமே தகட்டுக்குள் அடித்தது போலாகும். எந்த மணலானாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கடல்மணல் என்றதும் இன்னொன்று. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்து கிடைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயிண்டை வெள்ளையாக்குவது அதுதான். அம்பாசடர் என்றதும் மனசில் வரும் அந்த வெள்ளைக்கு மூலப்பொருள் நம் கரையிலேயே கிடக்கிறது.

பொருந்துகிற உதிரி, சரியான உதிரி

பொருந்துகிற உதிரி வேறு, சரியான உதிரி வேறு. அம்பாசடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை உத்தர்பாராவில் தயாரானது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்ததால், பிற்காலத்துக் கிரில்லையும் பம்பரையும் விளக்கையும் எடுத்து முந்தைய வண்டியில் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. மார்க் டூவுக்கு நெருக்க நெருக்கமாகச் சதுரக் கட்டம் போட்ட கிரில். 1975-இல் வந்த மார்க் த்ரீயில் அது மாறிவிட்டது. எங்கள் வண்டியில் இருந்தது பிற்கால கிரில். எப்போது, யார் மாற்றினார்கள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் வித்தியாசமே தெரிந்தது. பழைய கார் வைத்திருப்பவருக்கு முதல் உதிரிப் பட்டியல் வீட்டு ஆல்பத்தில்தான் இருக்கிறது.

எஞ்சின் பாகத்துக்கு அவ்வளவு அல்லாட வேண்டியதில்லை. நம் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம். அங்கே எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இருந்தது அதே அளவு எஞ்சின்தான். அந்தக் காரைக் கொண்டாடுபவர்கள் உலகெங்கும் இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு இன்றும் பாகங்கள் தயாராகின்றன. திண்டாட்டம் பாடிக்குத்தான்.

இதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டிலேயே தயாரான ஒரு காரைச் சொல்லலாம். சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்ட், இங்கிலாந்துக் கார் ஒன்றின் இந்திய வடிவம். இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம். முழுக் கூட்டை அச்சடித்துத் தர அன்றைய இங்கிலாந்தில் ஆள் அமையாததால், தனிச் சேஸிஸின்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்குகிற பாடியாக அதை அமைத்தார்கள். அன்றைய இக்கட்டு இன்றைக்கு மீட்பவருக்கு வரமாகிவிட்டது. துருப்பிடித்த பகுதியைக் கழற்றி எடுத்து மேசையில் வைத்தே வேலை பார்க்கலாம். பானட், மட்கார்டு இரண்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும்.

இங்கிலாந்தில் ஹெரால்ட் சங்கங்களும் உதிரி வியாபாரிகளும் உண்டு. ஆனால் 1960-களின் கடைசியில் வந்த நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் தயாரானது. அதன் பின்கதவை லண்டனில் தேடிப் பயனில்லை. அது கிடைத்தால் ஒரு தமிழ்நாட்டுக் கொல்லையில்தான் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் தேடுபவர்கள் இரண்டு இடங்களுக்குப் போவார்கள். பழசுக்குப் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஆனால் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கதவும் சென்னைக் கடற்காற்றைக் குடித்த கதவுதான். காந்தம் சட்டைப்பையில் இருக்கட்டும். மதுரை, கோவை பக்கத்து வறண்ட ஊர்களின் வண்டிகளில் தகடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று சில்லறையாக அலைவதைவிட, ஓடாத முழு வண்டியை வாங்கிப் பிரிப்பதே பல நேரம் லாபம். அதற்கும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அலுவலக வளாகங்களில் வேப்பமரத்தடியில் நின்ற அம்பாசடர்கள் ஒவ்வொன்றாக உருக்காலைக்குப் போகின்றன.

சின்னப் பொருள்களில்தான் பெரிய தலைவலி. கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் மாவட்டம் இது. அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடமே நாகர்கோவில்தான். கீரிப்பாறையிலும் குலசேகரத்திலும் பால் வடிகிறது. ஆனால் ஹெரால்டின் கண்ணாடிக்குப் பொருந்துகிற பீடிங் ஒரு முழம் வேண்டுமென்றால் இங்கே கிடைக்காது. ரப்பர் இருந்தால் போதாது, அந்தக் குறுக்குவெட்டு வடிவத்துக்கு அச்சு வேண்டும். கூடவே, வெயிலில் வெடித்துப்போகும் இயற்கை ரப்பருக்குப் பதில் இன்று இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரைத்தான் பீடிங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரே மாடல் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அச்சு வெட்டி, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்வதுதான் வழி.

பம்பருக்குக் குரோம் பூசுவது அடுத்த தலைவலி. செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏற வேண்டும். செம்பைச் சிக்கனப்படுத்தினால் அடுத்த ஆடிக்குள் பம்பரில் பொட்டு விழும். பெயர்ச்சின்னங்கள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவை உள்ளேயே புழுத்துவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது.

காகிதமும் ஓர் உதிரிதான்

எம்.டி.டி. 2727 என்றால் காமராஜரின் கறுப்பு செவர்லே. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தன் எம்.பி.யாக்கி அனுப்பிய அதே காமராஜர். 4777 என்றால் எம்.ஜி.ஆரின் அம்பாசடர். சென்னை தி.நகர் நினைவில்லத்தில் இன்றும் நிற்கிறது. அந்த எண்ணைக் கழற்றிவிட்டால் அது இன்னொரு அம்பாசடர். எண்ணும் காகிதமும் அந்த அளவுக்கு வண்டியின் பாகம்.

விண்டேஜ் வாகனங்களுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு முடிந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். புதிதாகப் பதிவு செய்தால் வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம்.

இவற்றைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது. சேஸிஸ், பாடிக் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். மைலேஜுக்காக டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசடர்கள் நம் ஊரில் எத்தனை ஓடின! அவையெல்லாம் இந்த வாசலில் இடறும். 1956 நவம்பர் 1-க்கு முன், இந்த மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பு இங்கே பதிவான வண்டி என்றால், அதன் முதல் காகிதம் திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்தது. அந்தப் பழைய புத்தகத்தைக் கரையான் தின்ன விட்டுவிட்டு கிரில்லுக்காக ஊர் ஊராக அலைவது வீண்வேலை.

எதுவரை போதும்?

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966-இல் தொடங்கப்பட்டது. டூரின் சாசனம் என்ற பெயரில் அது வகுத்த நெறிமுறை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. காலம் பதித்த தடயத்தை மதியுங்கள். மாற்றியே ஆக வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை அடையாளமிட்டு, எழுதி வையுங்கள். இதைப் படித்திராத எங்கள் மேஸ்திரி, வெட்டி எடுத்த தகட்டுத் துண்டுகளை ஒரு கோணிச் சாக்கில் போட்டு என்னிடமே கொடுத்தார். “வண்டிய யாருக்காச்சும் விக்கதா இருந்தா, இதையும் சேத்துக் குடுங்க.”

வண்டி மாசியில் வெள்ளை பூசி வந்தது. பானட்டில் அப்பா காலத்து நசுங்கல் ஒன்று உண்டு. மட்டைத் தேங்காய் விழுந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிரில் இன்னும் பிற்காலத்துக் கிரில்தான். சரியானது கிடைக்கும்வரை அது இருக்கட்டும். காந்தம் இப்போது கதவுப்படி நெடுகப் பிடிக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் நிற்கிறதா? இந்த இடவப்பாதிக்கு முன் பெயிண்டுக் கடைக்குப் போகாதீர்கள். கால் பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவின் அடித்துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஃபிரிட்ஜ் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். அது விழுகிற இடத்தை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு பட்டறைக்குப் போங்கள்.